அள்ளிக் கொடுத்தால் தியாகம் ஆகிவிடுமா?

கேள்வி – எழுதியவர்: வெண்தாள்

அனைவருக்கும் வணக்கம். செல்வக் குடும்பம் ஒன்று நடத்தும் அறக்கட்டளையில் அறிக்கைகளும் கடிதங்களும் எழுதித் தருவது என் பணி. அக்குடும்பம் கொடுக்கத் தொடங்கி இரண்டு தலைமுறை ஆகிறது. அதையொட்டி ஒரு மலர் வெளியிடவிருக்கிறார்கள். அதன் முன்னுரையில் "தலைமுறை தலைமுறையாகத் தியாகம் செய்துவரும் குடும்பம்" என்னும் தொடர் இடம்பெற வேண்டும் என்பது குடும்பத்தின் மூத்தவருடைய விருப்பம். அவர் கொடுத்ததில் பொய் இல்லை. பலருடைய படிப்பும் சிகிச்சையும் அந்தப் பணத்தால் நடந்ததைக் கோப்புகளில் படித்தும் இருக்கிறேன், நேரில் கண்டும் இருக்கிறேன். ஆயினும் "தியாகம்" என்ற சொல்லுக்கு வந்ததும் மூன்று நாட்களாக என் பேனா நின்றுவிடுகிறது.

கொடுத்ததால் அவர்கள் வீட்டில் எதுவும் குறையவில்லை என்பதே என் தயக்கத்துக்குக் காரணம். அதே வீடு, அதே பயணங்கள், பிள்ளைகளுக்கு அதே கல்லூரிகள். ஒரே தொகை ஏழைக்குத் தரும் பயனும் செல்வருக்குத் தரும் பயனும் ஒன்றாகா என்று கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி 1738இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அதைத் திருப்பிப் பார்த்தால், ஒரே தொகையை இழப்பதன் வலியும் இருவருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. அமெரிக்கப் பெருஞ்செல்வர் வாரன் பஃபெட் தம் செல்வத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் கொடுத்துவிடுவதாக 2010இல் உறுதிமொழிக் கடிதம் எழுதியபோது, இதனால் தாமும் தம் குடும்பமும் தேவையான எதையும், விரும்பும் எதையும் இழக்கப் போவதில்லை என்று அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டில் காசு போடுகிறவர்களோ பார்த்திருக்கக்கூடிய ஒரு திரைப்படத்தையோ வெளியே சென்று உண்டிருக்கக்கூடிய ஒரு வேளை உணவையோ விட்டுவிட்டுத்தான் அதைப் போடுகிறார்கள் என்றும் அவர் எழுதினார். பஃபெட்டே உரிமை கொண்டாடாத சொல்லை, அவரோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செல்வம் உடைய ஒரு குடும்பத்துக்கு நான் எப்படிச் சூட்டுவது?

தருமனின் வேள்விச்சாலையில் வந்து புரண்ட கீரிப்பிள்ளையின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். உதிர்ந்த தானியம் பொறுக்கி வாழ்ந்த ஒரு குடும்பம், பல நாள் பசிக்குப் பிறகு கிடைத்த மாவை விருந்தினருக்குக் கொடுத்துவிடுகிறது. அங்கே சிந்திக்கிடந்த துகள்களில் புரண்டதால் பாதி உடல் பொன்னான அந்தக் கீரி, மீதி உடலும் பொன்னாகுமா என்று அரசனுடைய வேள்வியில் வந்து புரண்டு பார்த்து, ஆகவில்லை என்று நகைக்கிறது. சிறு வயதில் கேட்டபோது கீரியின் பக்கம் நின்றேன். இப்போது அரசனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அவன் வேள்விக்கு முன்னுரை எழுதும் இடத்தில் நிற்கிறேன்.

எனவே கேட்கிறேன். கொடுத்த தொகையை வைத்துத் தியாகத்தை அளப்பதா, கொடுத்தபின் கையில் மிஞ்சியதை வைத்து அளப்பதா? பெருஞ்செல்வம் உடைய ஒரு குடும்பம் உண்மையாகவே தியாகம் செய்ய விரும்பினால், எதைக் கொடுத்தால் அது தியாகம் ஆகும்?

மறுமொழி 1 – எழுதியவர்: பழைய தணிக்கையாளர்

முப்பது ஆண்டுகள் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் என்ற முறையில், உணர்ச்சிக்குள் போவதற்கு முன் கணக்கை முடித்துவிட விரும்புகிறேன். ஏனெனில் "நூறு கொடுத்தார்" என்று நாளேட்டில் படிக்கும்போது, அவருடைய பையிலிருந்து நூறு போயிற்று என்றே எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், பெருங்கொடைகளைப் பற்றிய பேச்சில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. ஒருவர் மிகக் குறைந்த விலைக்கு, ஏறத்தாழ 10 டாலருக்கு, வாங்கிய பங்கு இன்று 100 டாலர் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் 2025 வரை அங்கே நடுவணரசின் உச்ச வருமான வரி 37 விழுக்காடு, நீண்டகால மூலதன ஆதாயத்தின் மீதான உச்ச வரி 20 விழுக்காடு. அந்த ஆண்டுகளின் விதிப்படியே கணக்கிடுகிறேன்; துணை வரிகளையும் மாநில வரிகளையும் விட்டுவிடுகிறேன். அவர் பங்கை விற்றால், 90 டாலர் ஆதாயத்துக்கு 18 டாலர் வரி போக, கையில் நிற்பது 82. விற்காமல் அப்படியே அறநிறுவனத்துக்குக் கொடுத்தால் ஆதாய வரி கிடையாது. அதோடு 100 டாலர் முழுவதையும் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதால் 37 டாலர் வருமான வரியும் மிச்சம். ஆக, 82க்கும் 37க்கும் உள்ள வேறுபாடான 45 டாலர்தான் அவர் இழந்தது. மீதி 55 அரசு விட்டுக்கொடுத்தது. ஒரே ஆண்டில் எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த வரம்பை மீறியதை அடுத்து வரும் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம்.

இரண்டாவதாக, கொடுத்துவிட்டேன் என்று அவர் சொல்லும் நாளும் பணம் உரியவரைச் சென்றடையும் நாளும் வேறு வேறு. தனியார் அறக்கட்டளை ஆண்டுதோறும் தன் சொத்து மதிப்பில் சுமார் 5 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்பதே அங்குள்ள சட்டம். அதில் நியாயமான நிர்வாகச் செலவும் சேரும். முதலீடு அதைவிட வேகமாக வளர்ந்தால், கொடுக்கக் கொடுக்கப் பெருகும் அட்சய பாத்திரமாக அது நிற்கும். பணத்தை முதலில் போட்டுவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று பின்னர் பரிந்துரைக்கும் கொடையாளர் ஆலோசனை நிதி என்றொரு கணக்கு இருக்கிறது. அதில் பணத்தைப் போட்ட அன்றே வரிச் சலுகை கிடைத்துவிடும், வெளியே கொடுப்பதற்கோ ஆண்டுக்கு இவ்வளவு என்னும் கட்டாயமே இல்லை. 2010இல் 40 செல்வர்களோடும் செல்வக் குடும்பங்களோடும் தொடங்கிய கொடை உறுதிமொழியும், சொத்தில் பாதியையாவது வாழ்நாளிலோ உயிலின் வழியாகவோ கொடுப்பதாகச் சொல்லும் அறவாக்குறுதிதான். சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அன்று.

இவற்றில் எதுவும் குற்றம் இல்லை. இவ்வளவையும் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் மலருக்கு முன்னுரை எழுதும் நீங்கள், கொடுத்ததில் எத்தனை பங்கு அவர்களுடையது, எத்தனை பங்கு பொதுக் கருவூலத்துக்கு வராமல் போனது என்பதை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிரித்த பிறகு எந்தச் சொல் பொருந்தும் என்பது உங்களுக்கே விளங்கும்.

மறுமொழி 2 – எழுதியவர்: நிழல்மரம்

நான் மேசையின் மறுபக்கத்தில் இருந்தவள். இத்தகைய அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் எழுதி, காத்திருந்து, கேள்விகளுக்கு விடையளித்து, கிடைத்த பணத்தில் ஒரு சிறிய சிகிச்சை இல்லத்தை நடத்தியவள். தணிக்கையாளர் ஐயாவின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை; என் மறுப்பு வெண்தாள் அவர்களின் கீரிப்பிள்ளையோடுதான்.

அந்தக் கதையில் பொன்னானது கீரி. வேள்விச்சாலையில் உண்டு சென்ற ஆயிரக்கணக்கானவர்களின் பசி என்னவாயிற்று என்று கீரி கேட்கவில்லை. கதை சொன்னவரும் கேட்கவில்லை. மருந்துக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர்கூட, இந்தப் பணத்தைக் கொடுத்தவருக்கு வலித்ததா என்று என்னைக் கேட்டதில்லை. கொடுத்தவர் துன்பப்பட்டிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேடிக்கை பார்க்கும் நம்மைப் போன்றவர்களுடையது. அதில் அறம் எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று எனக்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டு.

அப்படியானால் தியாகம் என்ற பேச்சே வீண் என்கிறேனா என்றால், இல்லை. நீங்கள் பணத்தில் தேடுகிறீர்கள், அது வேறோரிடத்தில் இருக்கிறது என்கிறேன். பணம் செல்வருக்கு வலிக்காது. முடிவெடுக்கும் உரிமை போனால் வலிக்கும். நான் எழுதிய விண்ணப்பங்களில் ஒன்று நினைவுக்கு வருகிறது. நோயாளிகளை அழைத்துவர ஒரு வண்டியும் ஓட்டுநருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளமும் கேட்டிருந்தோம். வந்தது ஒரு கட்டடம். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம், ஓட்டுநர் சம்பளத்தில் பொறிக்க முடியாது. கேட்ட தொகையைப் போல மூன்று மடங்கு கொடுத்தார்கள், மனமாரத்தான் கொடுத்தார்கள். நோயாளிகள் வழக்கம்போல நடந்தே வந்தார்கள்.

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். நிலத்தை ஊர் தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது அவர் விதித்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டால்தான் பல நூலகங்கள் நிலைத்தன என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர்களுக்கு முதலில் வேண்டியது நூலகம்தான் என்று முடிவு செய்தவர் அவரே. அந்த உரிமையை அவர் யாருக்கும் கொடையளிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு அண்மையில் நடந்தது. ஆஸ்திரியாவில் மார்லீன் ஏங்கல்ஹார்ன் என்ற இளம்பெண்ணுக்குப் பாட்டியின் வழியாகப் பெருஞ்சொத்து வந்தது. அந்நாட்டில் வாரிசுரிமை வரி 2008இல் நீக்கப்பட்டுவிட்டதால் அரசுக்கு அதில் ஒன்றும் போகவில்லை. 2024இல் அவர் அதிலிருந்து 2.5 கோடி யூரோவை எடுத்து வைத்து, குலுக்கல் முறையில் 10,000 பேருக்கு அழைப்பு அனுப்பி, விடையளித்தவர்களிலிருந்து நாட்டு மக்களின் கலவையைப் பிரதிபலிக்கும் 50 பேரைத் தேர்ந்தெடுக்கச் செய்து, பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். அவர்களின் முடிவைத் தடுக்கும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. பல வார இறுதிகள் கூடிப் பேசிய அந்த 50 பேர், 77 அமைப்புகளுக்கு அதைப் பகிர்ந்தளித்தார்கள். அந்தப் பட்டியலில் அவருக்குப் பிடிக்காத அமைப்பும் இருந்திருக்கலாம். இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. எனக்குத் தெரிந்து ஒரு செல்வர் உண்மையாக இழந்தது என்று சுட்டக்கூடியது இதைத்தான்.

மறுமொழி 3 – எழுதியவர்: உளிமுனை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதை இழந்தார் என்று அளப்பதற்கு முன், அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டாமா? கார்னகியின் பெயர் வந்ததால் கேட்கிறேன். 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் உருக்காலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களை வெளியே பூட்டி, கூலிக் காவலர்களை இறக்கி, உயிர்ப்பலி ஆகி, சங்கமும் ஒடுக்கப்பட்டது. அதன்பின் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலையின் முன் நின்றவன், நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் எப்படி அங்கே போவான்? தியாகம் நடந்தது உண்மைதான். செய்தவர்களின் பெயர் கட்டடத்தில் இல்லை.

மறுமொழி 4 – எழுதியவர்: மூன்றாம் மகன்

இப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவன் நான். பெயர் வேண்டாம். மேலே எழுதியவர்கள் எல்லோரும் குடும்பத்தை ஒரே ஆள்போல எண்ணிப் பேசுகிறார்கள்; உள்ளே இருந்து பார்த்தால் அது அப்படி இருப்பதில்லை.

எங்கள் வீட்டில் கொடுப்பதை முடிவு செய்தவர் தந்தை. புகழ் அவருக்கு வந்தது, அது சரியே. ஆனால் அவர் கொடுத்தது, அவர் காலத்துக்குப் பின் எங்களுக்கு வரவேண்டியிருந்த பங்கு. அவருடைய அன்றாடத்தில் எதுவும் மாறவில்லை. என் அண்ணனுக்கு அது வெளியே சொல்ல முடியாத காயமாக இருந்தது. எனக்கு நேர்மையாகச் சொன்னால் விடுதலையாக இருந்தது. ஒரே கொடை, ஒரே வீட்டில், ஒருவருக்குப் பறிப்பாகவும் ஒருவருக்கு விடுதலையாகவும் கொடுத்தவருக்குப் பெருமையாகவும் இருந்தது. இதில் தியாகம் செய்தவர் யார் என்று எழுதுவீர்கள்?

கீரிப்பிள்ளைக் கதையில் எல்லோரும் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தலைவன் தன் பங்கை மட்டும்தான் கொடுக்கிறான். அதன்பின் மனைவி தானாக முன்வந்து தன் பங்கை நீட்டுகிறாள், பிறகு மகன், பிறகு மருமகள். ஒவ்வொருவரும் தரும்போது அவன் தயங்குகிறான், வேண்டாம் என்கிறான். பிறர் பங்கை எடுத்துக் கொடுத்துத் தன் பெயரில் புண்ணியம் எழுதிக்கொள்ளவில்லை. செல்வக் குடும்பங்களில் அந்தக் காட்சியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

பட்டகோனியா ஆடை நிறுவனத்தின் ஷுவினார்ட் குடும்பத்தை இங்கே சொல்லலாம். 2022 செப்டம்பரில், சுமார் 300 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனம் முழுவதையும் அவர்கள் கொடுத்தார்கள். வாக்குரிமை இல்லாத 98 விழுக்காட்டுப் பங்குகள் சுற்றுச்சூழல் பணிக்கான ஓர் அமைப்புக்குப் போயின. வாக்குரிமை உள்ள 2 விழுக்காடு ஒரு பொறுப்பாட்சிக்கு (டிரஸ்ட்) போயிற்று. பெற்றோர் மட்டுமல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் அந்த முடிவில் பங்கேற்றார்கள். தணிக்கையாளர் ஐயா கவனிக்க வேண்டும்: பங்குகளைப் பெற்ற அமைப்பு வரிக்கழிவு தராத வகையைச் சேர்ந்தது, பொறுப்பாட்சிக்குக் கொடுத்ததற்காகக் குடும்பம் சுமார் 1.75 கோடி டாலர் கொடை வரியும் கட்டிற்று. விற்றுவிட்டுப் பிறகு கொடுத்திருந்தால் வரி இதைவிடப் பல மடங்கு ஆகியிருக்கும் என்று குறை கூறியவர்களும் உண்டு. நிழல்மரம் அவர்களின் அளவுகோலை வைத்தால் இன்னொரு குறையும் உண்டு: வாக்குரிமையை வைத்திருக்கும் பொறுப்பாட்சியை வழிநடத்துவது அதே குடும்பம்தான். செல்வத்தை விட்டார்கள், தேரை விட்டாலும் கடிவாளத்தை விடவில்லை.

சக் ஃபீனியின் கதை என் தந்தைக்குப் பிடிக்காது. ஏனென்று நான் கேட்டதில்லை. சுங்கத் தீர்வையில்லாக் கடைகளால் செல்வரான அவர், 1984இல் தம் பங்கை ஏறக்குறைய முழுவதும் தம் அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டு, அதை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தார். வணிகத்தை விற்பதில் எழுந்த வழக்கால் உண்மை வெளிப்பட்ட 1997 வரை உலகம் அவரைப் பெருஞ்செல்வர் என்றே நம்பிக்கொண்டிருந்தது. 800 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்து முடித்து, 2020இல் அறக்கட்டளையையே மூடிவிட்டு, மனைவியோடு வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்து 2023இல் மறைந்தார். அவர் தமக்கென வைத்துக்கொண்டது 20 லட்சம் டாலர் அளவில் என்று சொல்லப்பட்டது. அதுவும் பலருக்குப் பெருந்தொகைதான். ஆனாலும் பெயரையும் விட்டு, நிலைத்து நிற்கும் நிறுவனத்தையும் விட்டவர் என்பதால், பணத்தைவிடக் கடினமான இரண்டை அவர் விட்டார் என்று நினைக்கிறேன்.

ஜெல் கிராவின்ஸ்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலமனைத் தொழிலில் ஈட்டிய சுமார் 4.5 கோடி டாலரில் ஏறத்தாழ எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் அவருக்குப் போதவில்லை. 2003இல் முன்பின் அறியாத ஒருவருக்குத் தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார், மனைவியின் எதிர்ப்பையும் மீறி. செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே அளவில் வலிக்கக்கூடியது உடல் ஒன்றுதான் என்று அவர் கணக்கிட்டார் போலும். வீட்டில் இருப்பவர்களின் அச்சத்தை அந்தக் கணக்கில் அவர் எங்கே வைத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுமொழி 5 – எழுதியவர்: நிழல்மரம்

மூன்றாம் மகன் அவர்களுக்கு நன்றி. நான் பார்க்காத பக்கம் அது. பெயரை விடுவது பற்றி நீங்கள் எழுதியதில் மட்டும் ஒரு சிறு திருத்தம் உண்டு. பெயர் தெரியக் கொடுப்பதாலும் நன்மை வரும். மிசிசிப்பியில் துணி வெளுத்துப் பிழைத்த ஒசியோலா மெக்கார்ட்டி என்ற மூதாட்டி, 1995இல் தம் சேமிப்பிலிருந்து 1,50,000 டாலரை ஒரு பல்கலைக்கழகத்தின் ஏழை மாணவர்களுக்காக ஒதுக்கினார். செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கானவர்கள் அந்த நிதியில் பணம் சேர்த்தார்கள். வியப்பு என்னவென்றால், தம்மைத் தியாகி என்று அழைப்பதற்கு ஏதுவான ஒரு சொல்லையும் அவர் பேசவில்லை. தமக்குத் தேவையானது இருக்கிறது, மீதி பிள்ளைகளுக்குப் போகட்டும் என்பதே அவர் நிலை. பஃபெட் எழுதியதும் ஏறத்தாழ அதுதானே? இருவரும் ஒன்றையே சொல்ல, ஒருவரை நம்பி மற்றவரைச் சந்தேகிக்கிறோம். அது ஏன் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி 6 – எழுதியவர்: வெண்தாள்

அனைவருக்கும் நன்றி. முன்னுரையை நேற்று முடித்துக் கொடுத்துவிட்டேன்.

"தியாகம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "தொடர்ந்து கொடுத்துவரும் குடும்பம்" என்று எழுதினேன். தணிக்கையாளர் ஐயா சொன்னபடி வரிச் சலுகையைப் பிரித்துக் காட்டும் துணிவு எனக்கு வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் மலரின் பின்பகுதியில் ஓர் அட்டவணை சேர்த்தேன்: எந்த ஆண்டு, எவ்வளவு தொகை, என்ன பணி, அதைத் தேர்ந்தெடுத்தவர் யார். அட்டவணையின் கடைசிப் பத்தியான "தேர்ந்தெடுத்தவர் யார்" என்பது நிழல்மரம் அவர்களைப் படித்த பிறகு சேர்த்தது.

மூத்தவர் முன்னுரையைப் படித்துவிட்டு, சொல் மாறியிருப்பதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அட்டவணையைப் புரட்டியவர் அவருடைய பேத்தி. மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்து, "கடைசிப் பத்தியில் எல்லா வரியிலும் தாத்தா பெயரே இருக்கிறதே, இது அச்சுப் பிழையா?" என்று கேட்டார். அச்சுப் பிழை இல்லை என்றேன். அந்தப் பத்தியை வைப்பதா எடுப்பதா என்று வரும் வாரம் குடும்பத்தார் கூடிப் பேசுகிறார்கள்; மெய்ப்பு என் மேசையில் காத்திருக்கிறது.